விற்றது எது, விற்காமல் விட்டது எது: யூனிக்ஸ் பதிப்புரிமை வழக்கு

நிலம் வாங்கிப் பழகியவர்கள் கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். 'சொத்து விவரம்' என்ற தலைப்பின் கீழ் சர்வே எண், நான்கெல்லை, வண்டிப்பாதை உரிமை, கிணற்றில் பங்கு எல்லாம் அங்கேதான் இருக்கும். முன்பக்கங்களில் எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்றுக்காகப் பின்னால் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும். யூனிக்ஸ் இயங்குதளத்தின் பதிப்புரிமை யாருக்கு என்று அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2004இல் தொடங்கி ஏழு ஆண்டுகளுக்கு மேல் நடந்த வழக்கு, அப்படிப்பட்ட ஒரு கடைசிப் பக்கத்தைப் பற்றியது.

அந்தப் பத்திரத்தின் பெயர் சொத்துக் கொள்முதல் ஒப்பந்தம். 1995 செப்டம்பர் 19 அன்று கையெழுத்தானது. விற்றது நோவெல் என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம். வாங்கியது கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் ஆபரேஷன் நிறுவனம். விற்கும் சொத்துகளின் பட்டியல், யூனிக்ஸ், அதன் அடிப்படையில் நோவெல் விற்றுவந்த யூனிக்ஸ்வேர் ஆகியவற்றின் 'எல்லா உரிமைகளும் உடைமையும்' கைமாறுவதாகத் தொடங்குகிறது. அதை மட்டும் படித்தவர் முழுச் சொத்தும் போய்விட்டது என்றே எண்ணுவார். அடுத்து வருவது விற்காத சொத்துகளின் பட்டியல். அதில் அறிவுசார் சொத்து என்ற தலைப்பில் ஒரு வரி இருக்கிறது: யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் என்ற வணிகக் குறிகள் நீங்கலாக, எல்லாப் பதிப்புரிமைகளும் வணிகக் குறிகளும் விற்பனையில் சேராது. ஒரு பட்டியல் எல்லாவற்றையும் கொடுக்கிறது. இன்னொரு பட்டியல் அதில் மிக முக்கியமானதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே கட்டுக்குள் ஒரே கையெழுத்தின் கீழ் இருந்தன.

இந்த நிலை எப்படி வந்தது என்று பார்க்க, யூனிக்ஸ் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். 1969இல் நியூஜெர்சியின் மரே ஹில்லில் உள்ள பெல் ஆய்வகத்தில், கென் தாம்ப்சனும் டெனிஸ் ரிச்சியும் அதிகம் பயன்படாமல் இருந்த ஒரு பிடிபி-7 கணினியில் அதை உருவாக்கத் தொடங்கினார்கள். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி, 1956ஆம் ஆண்டின் ஓர் ஏகபோக எதிர்ப்பு வழக்கு உடன்பாட்டால் தொலைபேசித் தொழிலுக்குள் கட்டுண்டு கிடந்தது. மென்பொருளைச் சரக்காக்கிக் கடைக்குக் கொண்டுவர அதற்கு வழியில்லை. எனவே கேட்ட பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸை மூல நிரலோடு சொற்பக் கட்டணத்தில் உரிமமாகக் கொடுத்தது. ஒரு தலைமுறைக் கணினி மாணவர்கள் அந்த நிரலைப் படித்தே வளர்ந்தார்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைத் திருத்தி, விரித்து, பிஎஸ்டி என்ற தன் கிளையையே வளர்த்தது. 1984இல் ஏடி அண்ட் டி பிரிக்கப்பட்டபோது பழைய கட்டு அவிழ்ந்தது. இத்தனை காலம் பொதுக்கிணறு போலப் புழங்கிய நிரலுக்கு வேலி போட முடியும் என்று நிறுவனத்துக்கு அப்போதுதான் தோன்றியது.

அந்த வேலியின் பலம் 1992இல் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. ஏடி அண்ட் டியின் கிளை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ், பிஎஸ்டியை விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. பின்னர் பல்கலைக்கழகத்தையும் அதில் சேர்த்தது. 1993இல் நியூஜெர்சி நீதிபதி டிக்கின்சன் டெபவாய்ஸ் இடைக்காலத் தடை தர மறுத்தார். அவர் சொன்ன காரணத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். பழைய சட்டப்படி, பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் ஒரு படைப்பைப் பரப்பினால் உரிமையே பறிபோகும். 32வி என்ற யூனிக்ஸ் பதிப்பு அப்படி அறிவிப்பின்றி ஏராளமாகப் பரப்பப்பட்டிருந்தது. எனவே அதில் செல்லத்தக்க பதிப்புரிமை இருப்பதாக வாதியால் காட்ட முடியும் என்று அவர் நம்பவில்லை. இதற்கிடையே அந்தக் கிளை நிறுவனத்தை நோவெல் வாங்கியது. 1994 பிப்ரவரியில் வழக்கு சமரசமானது. சுமார் 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை மூன்றே மூன்று. உடன்பாட்டின் விவரம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக முத்திரையிட்டு மூடப்பட்டிருந்தது.

ஆக, 1995இல் நோவெல் விற்கப் புறப்பட்ட சொத்தின் ஒரு பகுதியில் முன்பே வில்லங்கம் இருந்தது. அடுத்து வந்த சண்டையில் பலரும் இதை மறந்துபோனார்கள்.

விற்பனை பேசியபோது வாங்குபவரிடம் முழு விலைக்கான ரொக்கம் இல்லை. சாண்டா குரூஸ் தன் பங்குகளில் 61 லட்சத்தைக் கொடுத்தது. மீதிக்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஏடி அண்ட் டி வணிகத்துக்காக வெளியிட்ட சிஸ்டம் ஃபைவ் என்ற யூனிக்ஸ் பதிப்புக்கு ஏற்கெனவே உரிமம் பெற்ற நிறுவனங்கள் தொடர்ந்து ராயல்டி கட்டிவந்தன. அதை சாண்டா குரூஸ் வசூலிக்கும். 95 சதவீதம் நோவெலுக்குப் போகும். வசூல் செலவுக்காக 5 சதவீதம் சாண்டா குரூஸிடம் நிற்கும். இதோடு இன்னொரு பிரிவும் இருந்தது. இந்தப் பழைய உரிமங்களை என்ன செய்ய வேண்டும், எந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஆணையிடும் அதிகாரத்தை நோவெல் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. நிலத்தை விற்றுவிட்டு, அதில் குத்தகைக்கு இருப்பவர்களின் வாரத்தை மட்டும் தனக்கே வைத்துக்கொண்டவரைப் போல இருந்தது நோவெலின் நிலை.

பதிப்புரிமையை ஏன் நிறுத்திவைத்தார்கள் என்பதற்கு நோவெல் தரப்பு பின்னர் சொன்ன விளக்கம் இந்த ஏற்பாட்டோடு ஒட்டி வருகிறது. சாண்டா குரூஸ் நாளை நொடித்துப்போனால் ராயல்டி வருமானம் கடன்காரர்களோடு சிக்கிக்கொள்ளும். பதிப்புரிமை கையில் இருந்தால் அந்த வருமானத்துக்கு அது காவல். கையெழுத்துக்கு முந்தைய நாள் கூடிய நோவெல் இயக்குநர் குழுவின் கூட்டக் குறிப்பும் இதையே பதிவு செய்திருக்கிறது: அந்த இரு வணிகக் குறிகள் நீங்கலாக, காப்புரிமைகளும் பதிப்புரிமைகளும் வணிகக் குறிகளும் நோவெலிடமே இருக்கும். வழக்கில் இதைவிடப் பலமான தனிச்சான்று எதுவும் இல்லை என்பது என் கருத்து. சண்டை வரும் என்று யாரும் நினைத்திராத நாளில், சொந்த உபயோகத்துக்காக எழுதிய குறிப்பு அது.

சிக்கல் அடுத்த ஆண்டு வந்தது. 1996 அக்டோபர் 16 அன்று இரண்டாம் திருத்தம் கையெழுத்தானது. விற்காத சொத்துகளின் பட்டியலில் இருந்த அந்த வரி மாற்றி எழுதப்பட்டது. புதிய வாசகப்படி, சாண்டா குரூஸ் 'தன் உரிமைகளைச் செயல்படுத்தத் தேவையான' பதிப்புரிமைகளும் வணிகக் குறிகளும் நீங்கலாக மற்றவையே விற்பனைக்கு வெளியே நிற்கும். தேவையானவை எவை? யார் பார்வையில் தேவை? ஒரு பட்டியல் இல்லை, ஒரு பெயர் இல்லை. வாங்கியவர் சொல்லலாம்: தொழில் நடத்தவும் திருடுபவரைத் தடுக்கவும் எல்லாமே தேவை. விற்றவர் சொல்லலாம்: தொழில் நடத்த உரிமம் போதும், உடைமை எதற்கு? பின்னாளில் கோடிக்கணக்கான டாலர்கள் வழக்கறிஞர் கட்டணமாகக் கரைந்ததற்கு 'தேவையான' என்ற இந்த ஒரு சொல்லே காரணம்.

2001இல் சாண்டா குரூஸ் தன் யூனிக்ஸ் தொழிலை கால்டெரா என்ற நிறுவனத்துக்கு விற்றது. யூனிக்ஸைப் போலவே இயங்கும், யாரும் எடுத்தாளக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை விற்றுவந்த நிறுவனம் அது. அடுத்த ஆண்டு கால்டெரா தன் பெயரை எஸ்சிஓ குழுமம் என்று மாற்றிக்கொண்டது. தலைமைக்கு வந்தவர் டார்ல் மெக்பிரைட். 2003 மார்ச்சில் ஐபிஎம் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்கு பாய்ந்தது. தொகை பின்னர் 500 கோடி வரை ஏறியது. யூனிக்ஸ் நிரலையும் நுட்பங்களையும் ஐபிஎம் லினக்ஸில் கலந்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. மே மாதம் ஏறத்தாழ 1,500 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. சில மாதங்களில், லினக்ஸ் ஓடும் ஒற்றைச் செயலி சர்வருக்கு 699 டாலர் கட்டி உரிமம் வாங்குங்கள் என்ற அறிவிப்பும் வந்தது. ஊதியம் பாராமல் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் எழுதிய இயங்குதளத்துக்கு ஒருவர் வரி விதிக்கிறார் என்றால், அந்த நிலத்தின் பட்டா முதலில் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

மே 28 அன்று நோவெல் வெளிப்படையாகச் சொன்னது: யூனிக்ஸ் பதிப்புரிமை எங்களுடையது, நாங்கள் விற்கவேயில்லை. அதோடு ஒரு செய்தியையும் வெளியிட்டது. முந்தைய மாதங்களில் எஸ்சிஓ பலமுறை நோவெலை அணுகி, பதிப்புரிமையை மாற்றித் தரும்படி கேட்டிருந்ததாம். தன்னுடையதாக ஏற்கெனவே இருப்பதை ஒருவர் ஏன் கேட்டு வாங்க வேண்டும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

ஆனால் நோவெல் தன் பத்திரப் பெட்டியை ஒழுங்காக வைத்திருக்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் எஸ்சிஓ, கையெழுத்திட்ட இரண்டாம் திருத்தத்தின் நகலை அனுப்பிவைத்தது. அப்படியொரு நகல் நோவெலின் கோப்பில் இல்லை. உடனே நோவெல், இந்தத் திருத்தம் எஸ்சிஓவின் வாதத்தை ஆதரிப்பதுபோல் தோன்றுகிறது என்று ஒரு செய்திக்குறிப்பை வெளியிட்டது. பிறகு அந்த நிலையிலிருந்து பின்வாங்கி மறுபடி உரிமை கோரியது. இரு தரப்பும் ஒரே நிரல்களுக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் தனித்தனியாகப் பதிவு செய்துகொண்டன. நோவெலின் தடுமாற்றத்தை நான் சிறிய தவறு என்று கடந்துபோக மாட்டேன். தான் கையெழுத்திட்ட தாளைத் தானே வைத்திராத நிறுவனத்தால் உலகமே சில வாரங்கள் குழம்பி நின்றது. அந்தக் காலத்தில்தான் நோவெல் சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தை வாங்கிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லினக்ஸ் பிழைத்தால் நோவெலுக்கும் லாபம் உண்டு.

2004 ஜனவரி 20 அன்று எஸ்சிஓ நோவெல் மீது வழக்குத் தொடுத்தது. என் உடைமையைப் பற்றிப் பொய் சொல்லி என் உரிமைக்குக் களங்கம் விளைவித்தாய் என்ற வகை வழக்கு அது. வாதி ஜெயிக்க வேண்டுமானால் முதலில் உடைமை தன்னுடையது என்று காட்டியாக வேண்டும். வழக்கின் அச்சாணி அங்கேதான் இருந்தது. மாநில நீதிமன்றத்திலிருந்து கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாறி, நீதிபதி டேல் கிம்பலிடம் வந்தது.

2007 ஆகஸ்ட் 10 அன்று கிம்பல், சாட்சி விசாரணைக்கு அனுப்பாமலே, பதிப்புரிமை நோவெலுடையது என்று தீர்ப்பளித்தார். அமெரிக்கச் சட்டப்படி பதிப்புரிமை கைமாற எழுத்தில் ஓர் ஆவணமும் உரிமையாளர் கையொப்பமும் வேண்டும். இரண்டாம் திருத்தம் எந்தப் பதிப்புரிமையையும் பெயர் சொல்லி மாற்றவில்லை என்பது அவர் பார்வை. ராயல்டிப் பங்கு எவ்வளவு என்ற மீதி விசாரணை செப்டம்பர் 17, திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை எஸ்சிஓ டெலவேரில் திவால் பாதுகாப்புக்கு மனுப் போட்டது.

அந்தப் பணக் கணக்கில் ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனம் நோவெலுக்கு 8 கோடி டாலருக்கும் மேல் கொடுத்துத் தன் ராயல்டிக் கடமையை ஒரேயடியாகத் தீர்த்திருந்தது. ஆனால் மூல நிரலை ரகசியமாக வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு தொடர்ந்தது. 2003இல் எஸ்சிஓ சன்னிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. தன் யூனிக்ஸ் வகை இயங்குதளமான சோலாரிஸின் நிரலை சன் 2005இல் திறந்துவிட்டதற்கு அந்தத் தளர்வும் ஒரு படி. ஆனால் நோவெலைக் கேட்காமல் அந்தப் பழைய உரிமத்தைத் திருத்த எஸ்சிஓவுக்கு அதிகாரமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. 25,47,817 டாலர் நோவெலுக்குச் சேர வேண்டும் என்று 2008இல் கணக்கிட்டது. அதிகாரம் இல்லாமல் திறந்த கதவு வழியாக நல்ல நிரல் வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்ப மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

2009 ஆகஸ்ட் 24 அன்று வழக்கு புரண்டது. பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், சன் பணம் பற்றிய தீர்ப்பை உறுதிசெய்தது. உடைமை பற்றியதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. எழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே தவிர, இந்தச் சொல்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. இரண்டாம் திருத்தம் எழுத்துதான், கையொப்பமும் இருக்கிறது. அதன் பொருள் தெளிவில்லை என்றால், பேசியவர்களையும் எழுதியவர்களையும் கூண்டிலேற்றிக் கேட்டு ஜூரி முடிவு செய்யட்டும் என்றது. எஸ்சிஓவின் நடத்தை எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனாலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் செய்தது சரியென்றே நினைக்கிறேன். இரண்டு பொருள் தரும் வாசகத்தை நீதிபதி தன் அறையில் அமர்ந்து ஒரே பொருளாக்கிவிடக் கூடாது.

கிம்பல் விலகிக்கொள்ள, நீதிபதி டெட் ஸ்டூவர்ட் முன்னிலையில் 2010 மார்ச்சில் சால்ட் லேக் சிட்டியில் மூன்று வார விசாரணை நடந்தது. எஸ்சிஓ தரப்பில் ஏறிய சாட்சிகள் லேசானவர்கள் அல்லர். விற்பனை நடந்தபோது நோவெலின் தலைமை நிர்வாகியாக இருந்த ராபர்ட் ஃபிராங்கன்பெர்க்கே, பதிப்புரிமையும் சேர்த்து விற்பதுதான் தன் எண்ணம் என்றார். நோவெலுக்காகப் பேச்சை நடத்திய டஃப் தாம்ப்சனும் அப்படியே சொன்னார். விற்பனைக்குப் பின் சில யூனிக்ஸ்வேர் நிரல்களில் பதிப்புரிமை அறிவிப்பு சாண்டா குரூஸ் பெயருக்கு மாற்றப்பட்டிருந்ததையும் காட்டினார்கள்.

நோவெல் தரப்பில் ஒப்பந்தத்தை வரைந்த வெளி வழக்கறிஞர் டார் பிராஹம், பதிப்புரிமையை விலக்கும் வரி வேண்டுமென்றே எழுதப்பட்டது என்றார். இரண்டாம் திருத்தத்தைப் பேசி முடித்த வழக்கறிஞர் அலிசன் அமேடியாவின் சாட்சியம் அதைவிட முக்கியம். பதிப்புரிமை தங்களுக்கு வரும்படி திருத்தக் கேட்டு சாண்டா குரூஸ் தரப்பு ஒரு வரைவு அனுப்பியது, தான் மறுத்துவிட்டார், தொழில் நடத்தத் தேவையான உரிமத்தை உறுதிப்படுத்த மட்டுமே ஒப்புக்கொண்டார் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்ட வரைவு ஒன்று, கையெழுத்தான வாசகம் வேறொன்று என்றால், இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே விடை.

ஜூரியிடம் கேட்ட முதல் கேள்வி: திருத்தப்பட்ட ஒப்பந்தம் யூனிக்ஸ், யூனிக்ஸ்வேர் பதிப்புரிமைகளை நோவெலிடமிருந்து மாற்றியதா? மார்ச் 30 அன்று ஒருமனதாக வந்த பதில்: இல்லை. ஜூன் மாதம் ஸ்டூவர்ட் மீதிக் கோரிக்கைகளையும் நோவெல் பக்கம் முடித்தார். ஐபிஎம் மீதான உரிமக் கோரிக்கைகளை எஸ்சிஓ சார்பில் விட்டுக்கொடுக்க நோவெலுக்கு அதிகாரம் உண்டு என்றும் சொன்னார். 2011 ஆகஸ்ட் 30 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஐபிஎம் வழக்கு மட்டும் தேய்ந்துகொண்டே போய் 2021இல், திவால் சொத்து நிர்வாகிக்கு 1 கோடியே 42 லட்சத்து 50 ஆயிரம் டாலரோடு சமரசத்தில் முடிந்தது. தொடங்கியபோது கேட்டதன் பக்கத்தில் இந்த எண்ணை வைத்துப் பார்த்தால் போதும்.

எல்லோரும் லினக்ஸ் தப்பியது என்ற இடத்தில் இந்தக் கதையை நிறுத்துகிறார்கள். எனக்கு அங்கே நிறுத்த மனம் வரவில்லை. பழைய யூனிக்ஸை நேசிப்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பு ஒரு சங்கடத்தை விட்டுச்சென்றிருக்கிறது.

தொண்ணூறுகளில் வாரன் டூமி என்ற ஆஸ்திரேலியரின் முயற்சியில், பிடிபி கணினிகளின் யூனிக்ஸைப் பாதுகாக்க ஒரு குழு கூடியது. சட்டப்படி நிரலை வைத்திருக்க அனுமதி கேட்டு சாண்டா குரூஸிடம் அவர்கள் மனுக் கொடுத்தார்கள். 1998இல் 100 டாலருக்கு ஒரு பழம்பதிப்பு உரிமம் கிடைத்தது. 2002 ஜனவரியில் கால்டெரா ஒரே ஒரு கடிதத்தால் அதையும் தாண்டியது. பிடிபி-11இல் ஓடிய ஒன்று முதல் ஏழு வரையிலான பதிப்புகளும் 32வியும் யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம், பரப்பலாம் என்று பெர்க்லி பாணி உரிமத்தில் விடுவித்தது. சிஸ்டம் த்ரீ, சிஸ்டம் ஃபைவ் மட்டும் கிடையாது. அப்போது மெக்பிரைட் வரவில்லை. மறு ஆண்டு உலகத்தையே வழக்கால் மிரட்டப்போகும் நிறுவனத்தின் கையிலிருந்து வந்த மிக நல்ல காரியம் அந்தக் கடிதம்.

எட்டு ஆண்டுகள் கழித்து வந்த ஜூரியின் பதிலை அந்தக் கடிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பதிப்புரிமை கைமாறவேயில்லை என்றால், கால்டெரா தன்னிடம் இல்லாததைத் தானம் செய்ததா? ஒப்பந்தம் அதற்குக் கொடுத்த மற்ற உரிமைகள் இந்தத் தானத்துக்குப் போதுமானவையா? ஜூரியிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. டெபவாய்ஸ் 32வி பற்றிச் சொன்னதை நினைத்தால், காக்க வேண்டிய உரிமை அங்கே இருந்ததா என்பதே ஐயம். பெல் ஆய்வகத்திலேயே தங்கிவிட்ட எட்டு, ஒன்பது, பத்தாம் ஆராய்ச்சிப் பதிப்புகளுக்கு 2017இல் அல்காடெல்-லூசென்டும் நோக்கியா பெல் ஆய்வகமும் வணிக நோக்கமற்ற பயன்பாட்டின் மேல் உரிமை கோர மாட்டோம் என்று எழுதிக்கொடுத்தன. முதல் ஏழு பதிப்புகளுக்கு நோவெலோ, அதை 2011இல் வாங்கிய அட்டாச்மேட்டோ, 2014இல் அட்டாச்மேட்டை வாங்கிய மைக்ரோ ஃபோகஸோ, 2023இல் அதையும் வாங்கிய ஓப்பன்டெக்ஸ்டோ அப்படி இரண்டு வரி எழுதித் தந்திருந்தால் இந்த ஐயமே இருந்திருக்காது. அந்த இரண்டு வரியை எழுத ஒரு நாள் போதும். ஓப்பன்டெக்ஸ்ட் அதை எழுத வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

2025இல், வழக்கு நடந்த அதே சால்ட் லேக் சிட்டியில், யூட்டா பல்கலைக்கழகத்தின் சேமிப்பறை ஒன்றிலிருந்து ஒரு காந்த நாடா வெளியே வந்தது. மேலே ஒட்டியிருந்த சீட்டில் யூனிக்ஸ் நான்காம் பதிப்பு, பெல் ஆய்வக மூலப்பிரதி என்று எழுதியிருந்தது. இயங்குதளத்தின் கருவை சி மொழியில் முதன்முதலாக எழுதிய, 1973ஆம் ஆண்டின் பதிப்பு அது. முழுமையாக எங்கும் கிடைக்காமல் போயிருந்தது. தபாலில் அனுப்ப மனமின்றி, கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அதைக் கையோடு எடுத்துப்போய்ப் படித்தார்கள். நிரல் இப்போது எல்லோரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது. அதற்கு இன்றும் துணை நிற்பது 2002 ஜனவரியில் கால்டெரா எழுதிய அந்தக் கடிதம்தான்.